ஈஸ்ட் ஹாம் நெரிசலுக்கு நாம்தான் காரணமா?

வாசகர் கேள்வி, 4 பிப்ரவரி

கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில் ஒரு அறை வாடகைக்கு எடுத்து இருக்கிறேன். அதே வீட்டில் இன்னும் மூன்று குடும்பங்கள். வேலையிடத்தில் ஒருவர் சொல்கிறார்: "உங்கள் ஆட்கள் வருவதற்கு முன்னால் அது அமைதியான ஊர். ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம், வாசலில் ரோஜாச் செடி. இப்போது பாருங்கள்." எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. பழைய ஆட்கள் யாராவது சொல்லுங்கள். நிஜமாகவே நாம் வந்துதான் கெட்டுப்போனதா?

4 பிப்ரவரி, இரவு

ரோஜாச் செடி இருந்திருக்கலாம். மற்றதை நம்பாதீர்கள்.

1891 கணக்கெடுப்பில் ஈஸ்ட் ஹாமில் சுமார் 32,000 பேர். 1901இல் சுமார் 96,000. பத்தே வருடத்தில் மும்மடங்கு. 1911இல் 1,33,000. அந்தக் கூட்டத்தில் நம் ஆட்கள் யாரும் கிடையாது. அமைதியான ஊர் என்று ஒன்று இருந்தது என்றால் அது அவருடைய கொள்ளுத்தாத்தா பிறப்பதற்கு முன்னால் இருந்த உருளைக்கிழங்குத் தோட்டம்.

5 பிப்ரவரி, காலை

நேற்று கோபத்தில் சுருக்கமாக முடித்துவிட்டேன். விவரமாகவே சொல்கிறேன்.

லண்டனுக்குக் காய்கறி அனுப்பும் தோட்டங்களும், தெற்கே தேம்ஸ் கரைச் சதுப்பு நிலமும், நடுவில் சில பெரிய மாளிகைகளும்தான் பழைய ஈஸ்ட் ஹாம். அதில் ஒன்று பிளாஷெட் ஹவுஸ். சிறைச் சீர்திருத்தத்துக்குப் பெயர் போன எலிசபெத் ஃப்ரை 1809 முதல் 1829 வரை அங்கேதான் குடியிருந்தார். பழைய ஐந்து பவுண்டு நோட்டில் இருந்த அதே அம்மையார். இன்றைக்குப் பிளாஷெட் என்றால் நமக்கு ஒரு பூங்கா, ஒரு சாலை.

1858இலேயே ஈஸ்ட் ஹாமுக்கு ரயில் நிலையம் வந்துவிட்டது. ஆனால் ரயில் வந்த உடனே வீடு முளைக்கவில்லை, கால் நூற்றாண்டு ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. டிக்கெட் விலைதான் காரணம். 1883இல் மலிவு ரயில் சட்டம் வந்தது. அதிகாலை ரயில்களில் தொழிலாளர்களுக்குக் குறைந்த கட்டணம் வைக்க வேண்டும் என்று கம்பெனிகளை நெருக்கினார்கள். அதற்கப்புறம்தான் நகரத்துக்குள் வேலை பார்ப்பவன் இவ்வளவு தூரத்தில் குடியிருக்க முடிந்தது. 1901இல் கவுன்சிலே சொந்தமாக மின்சார டிராம் ஓட்டியது. 1902இல் டிஸ்ட்ரிக்ட் ரயில்கள் (இன்றைய நிலத்தடி ரயிலின் டிஸ்ட்ரிக்ட் லைன்) வந்தன, 1905இல் ஈஸ்ட் ஹாம் வரை மின்மயம். காலையில் நாம் தொங்கிக்கொண்டு போகிற அதே தடம்.

நிலம் யாருடையது என்று பார்த்தால் நமக்கே ஒரு சுவாரசியம் இருக்கிறது. பெரிய நிலக்கிழார்களில் ஒன்று பர்ஜஸ் குடும்பம். 18ஆம் நூற்றாண்டில் இங்கே நிலம் வாங்கிக் குவித்த இனிர் பர்ஜஸ், கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பளப் பட்டுவாடா அதிகாரி. பிற்பாடு அந்தக் குடும்பத்துக்கு அயர்லாந்தின் டைரோன் பகுதியிலும் சொத்து. அதனால்தான் இங்கே பர்ஜஸ் ரோடு, காலிடன் ரோடு, கால்ஃபீல்ட் ரோடு என்று அயர்லாந்து வாடை அடிக்கிற பெயர்கள்.

5 பிப்ரவரி, மதியம்

ஒரு நண்பர் கேட்கிறார், எல்லா வீடும் ஒரே அச்சாக இருக்கிறதே, ஒரே பில்டர் கட்டியதா என்று.

இல்லை. தெருவில் நின்று நிதானமாகப் பாருங்கள். ஆறு, எட்டு வீடு தாண்டியதும் ஜன்னலுக்கு மேலே உள்ள பூவேலை மாறும், வாசல் வளைவு மாறும், செங்கல் நிறம் கொஞ்சம் வேறாகும். சின்னச் சின்ன பில்டர்கள் கடன் வாங்கி ஆளுக்குச் சில மனை எடுத்துக் கட்டினார்கள். விற்ற பணத்தில் அடுத்த மனை. ஒரே அச்சு போலத் தெரிவதற்குக் காரணம் சட்டம். 1875 பொதுச் சுகாதாரச் சட்டமும் அதையொட்டி 1877இல் வந்த மாதிரி விதிகளும் தெரு அகலம், பின்புறக் காலியிடம், சாக்கடை எல்லாவற்றையும் சொல்லிவிட்டன. வண்டி போகும் தெரு என்றால் 36 அடி. குதிரை வண்டிக்குப் போட்ட கணக்கு. இரண்டு பக்கமும் கார் நிறுத்தினால் நடுவில் ஒரு வேன் நுழைய நாம் படும் பாட்டுக்கு மூலகாரணம் அந்த 36 அடி.

5 பிப்ரவரி, இரவு

"டாக் (கப்பல்துறை) தொழிலாளிகளுக்காகக் கட்டிய ஊர்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது பக்கத்து ஊரான வெஸ்ட் ஹாமின் கதை. இரண்டையும் குழப்பாதீர்கள்.

1844இல் வந்த லண்டன் கட்டடச் சட்டம் நாற்றமும் ஆபத்தும் உள்ள தொழில்களை நகரத்துக்குள் கட்டுப்படுத்தியது. அந்தச் சட்டத்தின் கை லீ ஆறு வரைதான் நீண்டது. ஆற்றைத் தாண்டினால் எசெக்ஸ் மாவட்டம். ரசாயனம், சோப்பு, எலும்பு வேகவைக்கிற ஆலை என்று பலதும் வெஸ்ட் ஹாம் பக்கம் இடம் பிடித்தன. கேனிங் டவுன், சில்வர்டவுன் எல்லாம் அப்படி வளர்ந்தவை. அதற்குக் கிழக்கே இருந்த ஈஸ்ட் ஹாமின் வடபாதி வேறு ரகம். சிட்டியில் கணக்கெழுதும் குமாஸ்தா, கடைச் சிப்பந்தி, ரயில்வே ஊழியர், அச்சுக்கோப்பவர், கைத்தொழில் தெரிந்தவர். பாடகி வேரா லின் 1917இல் பிறந்தது இங்கே ஒரு பிளம்பர் வீட்டில். அந்த ரகம்.

வீட்டு முன்பக்கத்தில் பே விண்டோ (வெளியே துருத்தி நிற்கும் ஜன்னல்) இருக்கிறதே, அது காற்றுக்கு மட்டும் வைத்ததில்லை. "நாங்கள் கேனிங் டவுன்காரர்கள் இல்லை" என்று தெருவுக்குச் சொல்வதற்கும்தான். கௌரவம்!

6 பிப்ரவரி

வெஸ்ட் ஹாமைக் குறைத்துப் பேசிவிட்டேன் என்று வெஸ்ட் ஹாம் யுனைடெட் கால்பந்துக் குழுவின் ரசிகர்கள் சண்டைக்கு வருகிறார்கள். உங்களுக்கு ஒரு விஷயம். 1904 முதல் 2016 வரை உங்கள் குழு விளையாடிய அப்டன் பார்க் மைதானம் ஈஸ்ட் ஹாமில் இருந்தது. கிரீன் ஸ்ட்ரீட்தான் இரண்டு ஊருக்கும் எல்லை, மைதானம் அதற்குக் கிழக்குப் பக்கம். நூறு வருடத்துக்கு மேல் பக்கத்து ஊரில் வாடகைக்கு இருந்துவிட்டு அதை வீட்டு மைதானம் என்றீர்கள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

எட்டாம் ஹென்றி மன்னரின் மனைவி ஆன் பொலினுக்கும் அந்த இடத்துக்கும் தொடர்பு என்பது ஊர்க்கதை. அங்கே இருந்த பழைய மாளிகையை ஆள்கள் பொலின் கோட்டை என்று கூப்பிட்டார்கள், பெயர் மைதானத்துக்கும் ஒட்டிக்கொண்டது. மாளிகையை 1955இல் இடித்தார்கள். இப்போது மைதானமும் இல்லை, அடுக்குமாடி வந்தாயிற்று.

8 பிப்ரவரி

மூன்று நாள் முன்னால் எழுதியது பாதிச் சித்திரம். குமாஸ்தா ஊர் என்று சொல்லிவிட்டு தெற்குப் பக்கத்தை விட்டால் அது நியாயமில்லை. பெக்டனும் ஈஸ்ட் ஹாம்தான்.

1870இல் கேஸ் லைட் அண்ட் கோக் கம்பெனி அந்தச் சதுப்பு நிலத்தில் எரிவாயு ஆலையைத் தொடங்கியது. கம்பெனித் தலைவர் சைமன் ஆடம்ஸ் பெக், அவர் பெயரில் ஊர். கடலோரமாகக் கப்பலில் நிலக்கரி வரும், அதைச் சூளையில் அடைத்துச் சுட்டு வாயு எடுப்பார்கள், அது குழாய் வழியாக லண்டன் தெருவிளக்குக்குப் போகும். ஐரோப்பாவிலேயே பெரிய எரிவாயு ஆலை என்று பெயர். உள்ளே வேலை? பன்னிரண்டு மணி நேரம் சூளை முன்னால். ஷிஃப்ட் மாறும்போது பதினெட்டு மணி நேரம்கூட ஆகும். அங்கே வேலை பார்த்த வில் தோர்ன் 1889இல் எரிவாயுத் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்தார். சரியாகப் படிக்க எழுதத் தெரியாத மனிதர். கார்ல் மார்க்ஸின் மகள் எலினார் அவருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்து, சங்க வேலையிலும் கூட நின்றார். எட்டு மணி நேர வேலை கேட்டார்கள், வேலைநிறுத்தம் இல்லாமலே கிடைத்தது. இன்றைய ஜிஎம்பி சங்கத்தின் வேர் அது. கேர் ஹோமிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் வேலை பார்க்கிற நம் ஆட்கள் எத்தனை பேர் அதில் சந்தா கட்டுகிறார்கள்! ஆரம்பித்த இடம் நம் கொல்லைப்புறம் என்று தெரியுமா?

அப்புறம் கழிவுநீர். கிரீன்வே நடைபாதையில் நடக்கப் போகிறீர்களே, உங்கள் காலுக்குக் கீழே ஓடுவது வடக்கு லண்டனின் சாக்கடை. 1860களில் பொறியாளர் பேசல்ஜெட் கட்டியது. அவர் சுத்திகரிக்கவில்லை, லண்டனிலிருந்து தள்ளிக் கொண்டுவந்து பெக்டனுக்குப் பக்கத்தில் ஆற்றில் விட்டார், அவ்வளவுதான். 1878 செப்டம்பர் 3 மாலை, பிரின்சஸ் ஆலிஸ் என்ற உல்லாசக் கப்பல் நிலக்கரிக் கப்பலோடு மோதி அந்தப் பக்கத்தில் மூழ்கியது. அன்றைய கழிவு ஆற்றில் திறந்துவிடப்பட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நீந்தத் தெரிந்தவர்கள்கூட அந்தத் தண்ணீரில் பிழைப்பது கடினமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் கழிவைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். 1887இலிருந்து கசடைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். அந்தப் பழக்கம் நின்றது 1998இல். ஆமாம், 1998.

லண்டன் சுத்தமாக இருப்பதற்கு ஈஸ்ட் ஹாம் என்ன விலை கொடுத்தது என்று உங்கள் சக ஊழியரிடம் கேட்டுப் பாருங்கள்.

8 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

வடகடல் வாயு வந்ததும் 1969 வாக்கில் பெக்டன் ஆலை நின்றது. பாழடைந்து கிடந்த அதை 1980களில் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் தன் படத்துக்காக வியட்நாம் ஆக்கினார். ஸ்பெயினிலிருந்து பனை மரங்கள் கொண்டுவந்து நட்டு போர்க் காட்சிகள் எடுத்தார். ஆலைக் கழிவுக் குவியலை "ஆல்ப்ஸ்" என்று கூப்பிட்டு 1989இல் பனிச்சறுக்கு மைதானமே வைத்தார்கள். இன்றைக்கு மூடிக் கிடக்கிறது. குப்பைமேட்டில் ஸ்கீ விளையாடிய ஊர் நம்முடையது.

11 பிப்ரவரி

இப்போது அசல் கேள்விக்கு: ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பமா?

நான் முதலில் வந்து தங்கியது மேனர் பார்க் பக்கம் ஒரு பாக்ஸ் ரூம். கட்டிலைப் போட்டால் கதவு முழுக்கத் திறக்காது. கீழே ஃபிரன்ட் ரூமில் ஒரு குடும்பம், மேலே இரண்டு அறையில் நாலு பையன்கள். சமையலறைக்கு முறை வைத்திருந்தோம். அந்த ஓனர் ஹீட்டிங்கை எப்போது போடலாம் என்று சுவரில் நேரம் ஒட்டியிருந்தார், அதைப் பற்றித் தனியாகவே ஒரு இழை எழுதலாம். இது நம் ஆட்கள் கண்டுபிடித்த ஏற்பாடு என்றுதான் அப்போது எனக்கும் நினைப்பு.

பிற்பாடு அந்தத் தெருவின் 1911 கணக்கெடுப்புப் படிவங்களை எடுத்துப் பார்த்தேன். அந்த வருடம் முதன்முறையாகக் குடும்பத் தலைவர் கையால் நிரப்பிய படிவமே பாதுகாக்கப்பட்டது. எத்தனை அறை, திருமணமாகி எத்தனை வருடம், எத்தனை குழந்தை பிறந்தது, எத்தனை இறந்தது என்று எல்லாம் கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு "போர்டர்" (சாப்பாட்டோடு தங்குபவர்) என்றும் "லாட்ஜர்" (அறை வாடகைக்கு இருப்பவர்) என்றும் ஒரு ஆள். சில வீட்டில் ஒரே கதவு எண்ணுக்கு இரண்டு படிவம்: கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம். அப்போது வீட்டைச் சொந்தமாக வாங்கியவர்கள் குறைவு. வாரவாடகை. அந்த பே விண்டோ கௌரவம் குமாஸ்தா சம்பளத்துக்குக் கட்டுபடியாகாது. மாடியை இன்னொருவருக்கு விட்டால்தான் கணக்கு நேராகும்.

சில வாசலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதவு பார்த்திருப்பீர்கள். சில கட்டும்போதே மேல் வீடு, கீழ் வீடு என்று பிரித்துக் கட்டியவை. ஆக, உள்வாடகை நாம் கொண்டுவந்த வழக்கம் கிடையாது. வீடு கட்டிய பில்டரே அதை எதிர்பார்த்துத்தான் கட்டினார்.

11 பிப்ரவரி, இரவு

"அது சரி, ஆனால் இன்றைக்கு எண்ணிக்கை அதைவிட அதிகம்தானே" என்று ஒருவர்.

இதை எதிர்பார்த்தேன். 1921இல் ஈஸ்ட் ஹாமில் சுமார் 1,43,000 பேர், வெஸ்ட் ஹாமில் சுமார் 3,00,000. சேர்த்தால் 4,40,000க்கு மேல். 1965இல் இந்த இரண்டையும், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வுல்விச்சுக்குச் சொந்தமாக இந்தப் பக்கம் கிடந்த துண்டையும் சேர்த்து நியூஹாம் என்ற ஒரே பரோ (நகராட்சி) ஆக்கினார்கள். 2021இல் நியூஹாம் முழுவதற்கும் மக்கள்தொகை சுமார் 3,51,000.

அதாவது நூறு வருடத்துக்கு முன்னால் இதே நிலத்தில் இன்றைக்கு இருப்பதைவிடக் கிட்டத்தட்ட 90,000 பேர் அதிகமாக இருந்தார்கள். இந்தக் கணக்கை முதலில் போட்டபோது கால்குலேட்டரை நம்பாமல் மறுபடி காகிதத்தில் கூட்டினேன்.

13 பிப்ரவரி

யாரோ காந்தி ஈஸ்ட் ஹாம் வந்தார் என்று வாட்ஸாப்பில் வந்ததைப் போட்டிருக்கிறார். 1931இல் அவர் தங்கியது போ பகுதியில் கிங்ஸ்லி ஹாலில். சார்லி சாப்ளினைச் சந்தித்தது கேனிங் டவுனில் ஒரு இந்திய டாக்டர் வீட்டில். இரண்டும் ஈஸ்ட் ஹாம் இல்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் நமக்கு மாலை வேண்டாம்.

கேனிங் டவுன் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், இது நமக்குத் தெரிய வேண்டிய பெயர். கமால் சஞ்சி. இலங்கையில் ஒரு மலாய் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர், முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் இருந்தவர், பிறகு மெதடிஸ்ட் போதகர். ராயல் டாக்ஸில் இறங்கும் இந்திய, ஆப்பிரிக்க, சீன மாலுமிகளுக்குத் தங்க இடம் கிடைக்காது, கேட்டால் விரட்டுவார்கள். அவர்களுக்காக 1926இல் ஒரு இல்லம் திறந்தார். 1930இல் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அதை இடித்துவிட்டார்கள். நம் பக்கத்து ஆட்கள் இந்தப் பகுதியில் 1980களில் முளைத்தவர்கள் என்று நினைப்பவர்கள் இவரைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

14 பிப்ரவரி

பழையது எதுவுமே மிஞ்சவில்லையா என்று கேட்டவருக்கு: ஹை ஸ்ட்ரீட் சவுத்தில் செயின்ட் மேரி மகதலேன் தேவாலயம். 12ஆம் நூற்றாண்டு நார்மன் கட்டடம், இன்றும் வழிபாடு உண்டு. ஒன்பது ஏக்கர் மயானம் இப்போது காடு மாதிரி இயற்கைப் பூங்கா. அங்கே வில்லியம் ஸ்டூக்லியைப் புதைத்திருக்கிறார்கள். ஸ்டோன்ஹெஞ்சை ஆராய்ந்தவர். நியூட்டன் ஆப்பிள் விழுந்த கதையை நியூட்டன் வாயிலிருந்தே கேட்டு எழுதிவைத்தவர். தனக்குக் கல்லறைச் சின்னம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். போய்த் தேடி அலையாதீர்கள், நான் தேடினேன்.

18 பிப்ரவரி

எண்பதுகளில் வந்த ஈழத்து அண்ணா ஒருவர், நாங்கள் வந்துதான் ஊர் பிழைத்தது என்று நீளமாக எழுதியிருக்கிறார். அவர் சொல்வதோடு என் பங்கைச் சேர்க்கிறேன்.

1940 செப்டம்பர் 7இல் டாக்ஸ் மீது குண்டு விழ ஆரம்பித்தது. போருக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் நிலைக்கவில்லை. கொஞ்சம் வசதி வந்தவர்கள் தோட்டத்தோடு வீடு தேடி எசெக்ஸ் உள்ளே போனார்கள். 1961இல் ஈஸ்ட் ஹாம் மக்கள்தொகை சுமார் 1,05,000. உச்சத்திலிருந்து 37,000க்கு மேல் குறைவு. பெக்டன் போச்சு, 1981இல் ராயல் டாக்ஸும் மூடியது. ஊர் காலியாகிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் பஞ்சாபிகள், குஜராத்திகள், உகாண்டாவிலிருந்து துரத்தப்பட்டவர்கள், பிறகு 83க்குப் பின் ஈழத்தவர்கள். வெள்ளைக்காரர்களைத் தள்ளிவிட்டு நாம் உட்காரவில்லை. அவர்கள் விற்றுவிட்டுப் போன, அடுத்து வாங்க ஆளில்லாத வீடுகளை வாங்கினோம்.

அதுவும் சும்மா கிடைக்கவில்லை. 1980 ஜூலையில் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில், இன்றைக்கு நாம் தோசை சாப்பிட வரிசையில் நிற்கிற அதே சாலையில், அக்தர் அலி பெய்க் என்ற இளைஞரை ஒரு வெள்ளைக்காரக் கும்பல் குத்திக் கொன்றது. ஆசிய இளைஞர்கள் தெருவில் இறங்கியது அதற்குப் பிறகுதான். இன்றைக்குச் சர்ச் ரோட்டில் முருகன் கோயில் நிற்கிறது, பட்டுப்புடவையோடு பஸ்ஸில் போகிறோம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதற்கு முன்னால் அப்படியொரு காலம் இருந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அண்ணா எழுதியதில் ஒரு இடத்தில் மட்டும் நான் வேறுபடுகிறேன். "நாங்கள் வந்து ஊரைக் காப்பாற்றினோம்" என்கிறார். கடைகளைக் காப்பாற்றினோம், ஒப்புக்கொள்கிறேன். வீடுகளை அப்படிச் சொல்ல முடியுமா? பின்தோட்டத்து ஷெட்டில் கட்டில் போட்டு வாடகை வாங்கியதும் நம்மில் சிலர்தான். 2013இல் நியூஹாம் கவுன்சில் தனியார் வாடகை வீடுகளுக்கெல்லாம் லைசென்ஸ் கட்டாயம் என்றது. பரோ முழுவதுக்கும் அப்படிக் கொண்டுவந்தது இங்கிலாந்திலேயே இதுதான் முதல். காரணமில்லாமல் கொண்டுவரவில்லை.

19 பிப்ரவரி

ஷெட் பற்றி எழுதியதற்குத் தனிச்செய்தியில் திட்டு. பரவாயில்லை. 1911இல் லாட்ஜர் வைத்த பிளம்பருக்கும் இன்றைக்கு ஒரு வீட்டை ஆறாகப் பிரிப்பவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் அதே வீட்டில் குடியிருந்து வாடகைக்கு வழி பார்த்தார். இவர் பக்கத்துப் பரோவான ரெட்பிரிட்ஜில் டிரைவ்வே வைத்த வீட்டில் இருக்கிறார். திட்டுகிறவர்கள் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

25 பிப்ரவரி

கேள்வி கேட்ட தம்பி, நீங்கள் இருக்கும் வீட்டின் கதையை எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடங்கள் இலவசம். 1860களின் வரைபடத்தில் உங்கள் தெரு இருக்காது, வயல் இருக்கும். 1890களில் பாதித் தெரு. அடுத்த பதிப்பில் முழுத் தெரு. கட்டிய காலம் அதிலேயே பிடிபட்டுவிடும். அப்புறம் 1911, 1921 படிவங்கள். வீட்டிலிருந்து பார்த்தால் காசு, கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போனால் 1921 இலவசம். டிஸ்ட்ரிக்ட் லைனிலேயே போய்விடலாம், ரயில் மாற வேண்டாம், ரிச்மண்ட் வண்டியா என்று மட்டும் பார்த்து ஏறுங்கள். சில தெருக்களில் கதவு எண்ணை மாற்றியிருக்கிறார்கள், அதனால் பக்கத்து வீட்டுப் படிவங்களையும் முனைக் கடைப் பெயரையும் ஒத்துப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். கிடைத்ததை இங்கே போடுங்கள்.